ஏரிக்கரை நத்தைக் கடை: வறுவல் வாங்குங்கள், வால் போட்ட சூப் வேண்டாம்

சேத்தியாத்தோப்பிலிருந்து லால்பேட்டைக்கு வீராணம் ஏரியின் கரையை ஒட்டிப் போகிற சாலையில், மழைக்காலத்துக்கு மட்டும் வருகிற கடை இது. பெயர்ப்பலகை கிடையாது. புளியமரத்தில் இழுத்துக் கட்டிய தார்ப்பாய், இரண்டு விறகடுப்பு, ஒரு பெரிய அலுமினிய அண்டா, உட்கார நாலைந்து ஸ்டூல். ஐப்பசி மழை பிடித்ததும் அடுப்பைப் பற்றவைப்பார்கள், மாசியில் வயல் காய்ந்ததும் நிறுத்திவிடுவார்கள். நத்தை வறுவல் ஒரு தட்டு 80 ரூபாய். நத்தை சூப் ஒரு டம்ளர் 40 ரூபாய். வேறு எதுவும் கிடைக்காது.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வறுவலைத் தயங்காமல் வாங்குங்கள். சூப்பை அப்படியே வாங்காதீர்கள். இரண்டும் ஒரே அண்டாவில் வெந்த நத்தைதான், சமைக்கிற கையும் ஒரே கைதான். இருந்தும் ஒன்றை வாங்கு, இன்னொன்றை விடு என்று நான் சொல்வதற்குக் காரணம் நத்தையின் உடம்புக்குள் இருக்கிறது. அதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். நீங்கள் எந்த ஊரில் எந்த நத்தைக் கடையில் உட்கார்ந்தாலும் இது உதவும்.

நான் மேல்நிலைப் பள்ளியில் உயிரியல் எடுக்கிறவள். எம்.ஃபில். படித்தபோது என் ஆய்வே இந்த நத்தைதான். பைலா குளோபோசா என்று பாடப்புத்தகத்தில் வருமே, நம் வயலிலும் குளத்திலும் கிடக்கிற அந்த உருண்டை நத்தை. செம்பு உப்பு கலந்த தண்ணீரில் அதை விட்டுவைத்து, உடம்பில் எந்தப் பாகத்தில் எவ்வளவு செம்பு போய்ச் சேர்கிறது என்று அளப்பதுதான் வேலை. அதற்கு முன்பும் நத்தை எனக்குப் புதிதில்லை. நடவு முடிந்த மாதங்களில் எங்கள் வீட்டில் நத்தைக் குழம்பு அடிக்கடி கொதிக்கும். சாப்பிட்டு வளர்ந்தவள், பிறகு அறுத்துப் பார்த்தவள். இரண்டு பேரும் சேர்ந்துதான் இந்தக் கடையைப் பற்றி எழுதுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வறுவலைச் சொல்கிறேன். நல்லெண்ணெயில் சின்ன வெங்காயமும் தட்டிய பூண்டும் நன்றாகச் சிவந்தபிறகுதான் கறியைப் போடுகிறார்கள். மசாலாப் பொடி எதுவும் இல்லை. மிளகும் சீரகமும் அம்மியில் நுணுக்கியது, கறிவேப்பிலை ஒரு கை, கல் உப்பு. அவ்வளவுதான். கணவாயைச் சரியான பதத்தில் இறக்கினால் பல்லுக்கு எப்படி இருக்குமோ அப்படி இருக்கிறது, ரப்பராக இழுக்கவில்லை. சேற்று வாடை துளியும் இல்லை. நத்தைக் கறியில் இது பெரிய விஷயம். பல இடங்களில் மிளகாய்த்தூளை அள்ளிப் போட்டு வாடையை மறைத்துவிடுவார்கள். இங்கே மறைக்க எதுவும் இல்லை, ஏனென்றால் வேலை முழுவதும் அடுப்புக்கு முன்னாலேயே முடிந்துவிடுகிறது.

அந்த வேலையைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். நடத்துகிற அக்காவுக்கு ஐம்பது வயது இருக்கும். கடையில் யார் வந்தாலும் சுத்தம் செய்கிற இடத்தை மறைப்பதில்லை, முன்னாலேயே உட்கார்ந்து செய்கிறார். முதல் நாள் வாங்கிய நத்தையை இரவு முழுவதும் அரிசி கழுவிய தண்ணீரில் போட்டுவைக்கிறார். குடலில் இருக்கிற மண்ணையும் பாசியையும் நத்தை கழித்துவிடும். காலையில் தண்ணீரை மாற்றும்போது மூடியைத் திறந்து தலையை நீட்டாத நத்தையைத் தூக்கி எறிந்துவிடுகிறார். மிச்சத்தை மஞ்சள்தூள் போட்டுக் கொதிக்கிற தண்ணீரில் வேகவைக்கிறார். நன்றாகவே வேகவைக்கிறார். எலியின் நுரையீரல் புழுவுக்கு இந்த வகை நத்தைகளும் இடைத்தங்கல்தான். அரைவேக்காட்டில் தின்றால் அது மனிதர் மூளை வரைக்கும் போகும். அந்தப் பயம் இங்கே வேண்டாம்.

வெந்ததும் கோணி ஊசியை மூடிக்குக் கீழே குத்தி, ஓடு சுற்றுகிற திசையிலேயே மணிக்கட்டைத் திருப்புகிறார். முழு உடம்பும் அறாமல் உருவிக்கொண்டு வருகிறது. முதலில் மூடி. அதை ஒட்டிக் கருத்த, தடித்த பாதம். நாம் கறி என்று தின்பது இதைத்தான். அதற்குப் பின்னால் சாம்பல் நிறத்தில் மெல்லிய போர்வை. கடைசியில், ஓட்டின் உச்சிச் சுற்றுகளுக்குள் அடங்கியிருந்த பாகம் சுருண்ட வாலாக வெளியே வரும். பழுப்பும் அழுக்குப் பச்சையும் கலந்த நிறம், தொட்டால் மாவு போலக் குழையும். பெண் நத்தையாக இருந்தால் நடுவில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு திரளும் தெரியும். அக்கா நிறம் மாறுகிற இடத்தில் நகத்தை வைத்துக் கிள்ளி, வாலைத் தனிச் சட்டியில் போடுகிறார். பாதத்தைக் கல் உப்பும் மஞ்சளும் போட்டுத் தேய்த்து, கொழகொழப்புப் போகும்வரை தண்ணீர் மாற்றி மாற்றி அலசுகிறார்.

"வாலக் கிள்ளலன்னா வறுவல் கசக்கும் டீச்சர். எங்க மாமியா சொல்லிக் குடுத்தது" என்றார்.

அவர் கசப்புக்காகக் கிள்ளுகிற அந்த வால்தான் செரிமானச் சுரப்பி. நமக்குக் கல்லீரலும் கணையமும் தனித்தனியாகச் செய்கிற வேலைகளை நத்தைக்கு இந்த ஒரே உறுப்பு செய்கிறது. இன்னொரு வேலையும் சேர்த்துச் செய்கிறது. தண்ணீரிலிருந்தும் தீனியிலிருந்தும் உடம்புக்குள் வருகிற உலோகங்களை வாங்கிப் பூட்டிவைப்பது. காட்மியம், ஈயம், துத்தநாகம் எல்லாம் பெரும்பாலும் இங்கேதான் வந்து தங்குகின்றன.

எப்படிப் பூட்டுகிறது என்பதில்தான் இதன் அழகே இருக்கிறது. நத்தைக்கு உலோகமே வேண்டாம் என்று சொல்ல முடியாது. அதன் ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமப்பது ஹீமோசயனின் என்கிற புரதம், அதற்குச் செம்பு வேண்டும். உயிர் நத்தையை அறுத்தால் ரத்தம் லேசான நீலமாக இருப்பது அதனால்தான். துத்தநாகம் பல நொதிகளுக்கு வேண்டும். ஓடு கட்டக் கால்சியம் நிறைய வேண்டும், அதைத் தண்ணீரிலிருந்து உடம்பு இழுத்துக்கொண்டே இருக்கும். ஈயமும் காட்மியமும் உள்ளே நுழைவது பெரும்பாலும் இந்தக் கால்சியம் வழியில்தான். ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் குளங்களில் இருக்கிற லிம்னேயா ஸ்டாக்னாலிஸ் என்ற நத்தையின் குஞ்சுகள், மிகக் குறைந்த அளவு ஈயம் தண்ணீரில் இருந்தாலே வளர்ச்சி நின்றுபோகின்றன. வேகமாக ஓடு கட்டுகிற வயசு, கால்சியப் பசி அதிகம், அதே வழியில் ஈயமும் வருகிறது.

உள்ளே வந்த உலோகத்தை அப்படியே திரியவிட்டால் அது கண்ட புரதத்திலும் ஒட்டி அதன் வேலையைக் கெடுக்கும். அதனால் சுரப்பியின் செல்கள் இரண்டு வழி வைத்திருக்கின்றன. ஒன்று, மெட்டாலோதயோனின் என்கிற சின்னப் புரதம். 1957-ல் குதிரையின் சிறுநீரகத்திலிருந்து முதலில் பிரித்தெடுத்தார்கள். சிஸ்டீன் என்கிற கந்தக அமினோ அமிலம் இதில் நெருக்கமாக இருக்கும். காட்மியத்தையும் செம்பையும் அந்தக் கந்தகம் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். ஆஸ்திரியாவின் இன்ஸ்புருக்கில் ராய்ன்ஹார்ட் டாலிங்கரும் அவர் கூட்டாளிகளும் ரோமன் நத்தை என்கிற தரை நத்தையை வைத்து 1997-ல் காட்டியது எனக்கு இன்றைக்கும் வியப்புதான். செம்புக்கு ஒரு மெட்டாலோதயோனின், காட்மியத்துக்கு வேறொரு மெட்டாலோதயோனின். இரண்டிலும் 18 சிஸ்டீன்கள்தான். ஆனால் ஒன்று 12 செம்பு அயனிகளைப் பிடிக்கிறது, மற்றது 6 காட்மியம் அயனிகளை. செம்புப் புரதம் இருப்பது போர்வையில், ஏனென்றால் செம்பு ரத்தத்துக்குத் தேவை. காட்மியப் புரதம் இருப்பது செரிமானச் சுரப்பியில். தேவையானதைப் புழக்கத்தில் வைத்துக்கொண்டு, தேவையில்லாததை மட்டும் தனியாகக் கட்டி ஓரம் வைக்கிற அளவுக்கு அதன் உடம்பு தேர்ந்திருக்கிறது.

இன்னொரு வழி, துகள்கள். சுரப்பியில் கால்சியம் செல்கள் என்று ஒரு வகை உண்டு. அவற்றுக்குள் கால்சியம் பாஸ்பேட் படிந்து நுண்ணிய மணிகளாக உருண்டிருக்கும். மாங்கனீசு, துத்தநாகம், ஈயம் இவையெல்லாம் அந்த மணிகளில் படிந்து கல்லாகிவிடும், பிறகு சுலபத்தில் கரையாது. செம்பும் காட்மியமும் கந்தகம் மிகுந்த வேறு வகைத் துகள்களாக, செல்லின் கழிவுப் பைகளான லைசோசோம்களுக்குள் அடையும். செல் பழசாகி உடையும்போது இவற்றில் கொஞ்சம் குடல் வழியாக மலத்தோடு வெளியே போகும். மிச்சம் அங்கேயே இருக்கும். காட்மியம் மாதக்கணக்கில் இருக்கும். நம் நத்தைக்குச் சொந்தக்காரனான அர்ஜென்டினா ஆப்பிள் நத்தையின் சுரப்பிக்குள் பாக்டீரியா போன்ற பழுப்பு, பச்சை உருண்டைகள் குடியிருக்கின்றன. அங்கே ஆராய்ந்தவர்கள் பாதரசம், ஆர்சனிக், யுரேனியம் வரைக்கும் அந்த உருண்டைகளில் சேர்வதைக் கண்டிருக்கிறார்கள்.

இதனால் கடைக்குப் போகிற நமக்கு என்ன என்று கேட்டால், இரண்டு விஷயம். ஒரு இரவு தண்ணீரில் போட்டுவைத்தால் நத்தையின் 'விஷமெல்லாம்' கழிந்துவிடும் என்று நிறையப் பேர் நம்புகிறார்கள். கழிவது குடலில் இருக்கிற மண்ணும் சாணமும்தான். சுரப்பியில் பூட்டியது ஒரு இரவில் வெளியே வராது. ஆக, ஊறப்போடுவது அவசியம், ஆனால் அது மட்டும் போதாது. வாலைக் கிள்ளினால்தான் வேலை முடியும்.

இரண்டாவது, என் மாணவர்களிடமும் நான் திரும்பத் திரும்பச் சொல்வது. நத்தை உயிரோடு துள்ளலாக இருக்கிறது, அதனால் தண்ணீர் சுத்தம் என்று நினைத்துவிடக் கூடாது. உலோகம் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்பதை வைத்து நத்தை சாவதில்லை. வருகிற வேகம், பூட்டுகிற வேகத்தையும் கழிக்கிற வேகத்தையும் தாண்டும்போதுதான் சாகிறது. லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருந்த பிலிப் ரெயின்போ நீர்வாழ் முதுகெலும்பில்லா உயிர்கள் பலவற்றுக்கும் பொதுவாக இதை நிறுவிக் காட்டினார். மெதுவாக, தினம் கொஞ்சமாக உலோகம் வருகிற ஓடையில் நத்தை கொழுகொழுவென்று வாழும். அதன் சுரப்பியை மட்டும் அளந்தால் நம் கண்ணில் வேறு கதை தெரியும். மயில்துத்தத்தை, அதாவது செம்பு சல்பேட்டை, கரைத்து ஊற்றினால் மறுநாளே எல்லாம் செத்து மிதக்கும், அது வேறு. அங்கே வேகம் ஜெயித்துவிட்டது.

அதனால் நத்தை எங்கிருந்து வருகிறது என்று கேட்காமல் நான் எந்தக் கடையிலும் சாப்பிடுவதில்லை. இந்தக் கடையில் அந்தக் கேள்விக்கு நேரான பதில் கிடைத்தது. வீராணத்துப் பாசனம் சுமார் 45 ஆயிரம் ஏக்கர். கீழணையிலிருந்து வடவாறு வழியாக வருகிற கொள்ளிடத்துத் தண்ணீர். சம்பா வயலில் களை பறிக்கிற பெண்கள் மடியில் கட்டிக்கொண்டு வருகிற நத்தையை அக்கா படிக்கணக்கில் வாங்குகிறார். எந்த வயல் என்று கேட்டுத்தான் வாங்குகிறார். நான் இருந்தபோது ஒரு பாட்டி கொண்டுவந்த பையை முகர்ந்து பார்த்துவிட்டு, "இது ஊர்ச் சாக்கடை வாய்க்கா நத்த ஆத்தா, எனக்கு வேணாம்" என்று திருப்பிக் கொடுத்தார். கொடிக்கால் பக்கத்து வாய்க்காலிலிருந்தும் வாங்குவதில்லையாம். "அங்க நத்த இருக்காது, இருந்தாலும் எடுத்த அன்னைக்கே செத்துடும்" என்றார். வெற்றிலைக் கொடிக்கு அழுகல் நோய் வராமலிருக்க மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவையை ஊற்றுவார்கள். செம்புதான் அங்கே நத்தையைக் கொல்கிறது. அவர் அனுபவத்தில் கண்டதைத்தான் நான் ஆய்வகத்தில் கண்ணாடித் தொட்டியில் கண்டேன்.

வயல் நத்தையில் உலோகமே இருக்காது என்று நான் சொல்லவில்லை. நெல்லுக்கு நடவின்போது ஏக்கருக்கு 10 கிலோ துத்தநாக சல்பேட் போடச் சொல்வது வேளாண் துறையின் வழக்கமான பரிந்துரை. பாஸ்பேட் உரங்களில், அது வெட்டியெடுத்த பாறையைப் பொறுத்து, கொஞ்சம் காட்மியம் கலந்தே வரும். இதெல்லாம் சேற்றில் தங்கி, பாசியில் ஏறி, நத்தைக்குப் போகும். ஆனால் இது ஒரு அளவு. தொழிற்சாலைக் கழிவு கலக்கிற ஓடை வேறு அளவு. ராணிப்பேட்டை, வாணியம்பாடி, ஆம்பூர் பக்கம் தோல் பதனிடக் குரோமியம் உப்பைப் பல பத்தாண்டுகளாகப் பயன்படுத்தி, பாலாற்றுப் படுகையின் நிலத்தடி நீர் எப்படி ஆனது என்பது நாடறிந்த கதை. வடக்கே ஒரு ஊரில் ஒரு கடையில் கறி தட்டில் வந்துவிட்டது. எங்கே பிடித்தது என்று கேட்டேன். பின்னால் ஓடுகிற கால்வாயைக் கை காட்டினார்கள். கால்வாய்த் தண்ணீர் நீலப்பச்சையாக இருந்தது. காசைக் கொடுத்துவிட்டு எழுந்து வந்தேன். வாலோடு வறுத்திருந்தார்கள். ஊர் பெயரும் கடை பெயரும் வேண்டாம். பிழைக்க வந்தவர்கள், அவர்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

பாதத்தில் உலோகமே இல்லையா என்றால், அதுவும் இல்லை. ரத்தம் ஓடுகிற இடம், செம்பு இருக்கத்தான் செய்யும். ஆனால் செம்பு நமக்கும் வேண்டிய சத்து. காட்மியமும் ஈயமும் பாதத்தில் சுரப்பியைவிட மிகக் குறைவு. நான் செம்பை அளந்த ஆய்விலும் இரண்டு பாகத்துக்கும் நடுவே இருந்த வித்தியாசத்தைப் பார்த்துவிட்டு, கருவியில்தான் கோளாறோ என்று மறுபடியும் ஓட்டச் சொன்னார் என் வழிகாட்டி. மறுபடியும் அதேதான் வந்தது.

இப்போது சூப்புக்கு வருகிறேன். மனசு கனத்துத்தான் இதை எழுதுகிறேன், ஏனென்றால் அந்த அக்காவை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. தனிச் சட்டியில் போட்ட வால்கள் எங்கே போகின்றன என்று கவனித்தேன். மிளகு, பூண்டோடு அம்மியில் வைத்து நசுக்கி, நத்தை வெந்த தண்ணீரிலேயே போட்டுக் கொதிக்கவிடுகிறார். பச்சையும் பழுப்புமாக, லேசான கசப்போடு, கெட்டியான சூப் வருகிறது. மூலத்துக்கும் மூச்சு இழுப்புக்கும் மூட்டு வலிக்கும் நல்லது என்று சொல்லி வருகிறவர்கள் கேட்பது இதைத்தான். சிலர் சீசன் முழுக்க விடாமல் வந்து குடிக்கிறார்கள். பத்து வயதுப் பிள்ளைக்கு இழுப்பு என்று தூக்கில் வாங்கிப் போன ஒரு அம்மாவையும் பார்த்தேன்.

ஆய்வகத்தில் மெட்டாலோதயோனினைப் பிரித்தெடுக்க என்ன செய்வோம் தெரியுமா? சுரப்பியை அரைப்போம். தண்ணீர்க் கரைசலில் கலந்து கொதிக்கிற சூட்டில் வைப்போம். மற்ற புரதங்கள் வெந்து திரிந்து அடியில் போய்விடும். மெட்டாலோதயோனின் மட்டும் சூட்டுக்கு அசையாமல், பிடித்த காட்மியத்தோடு மேல் தண்ணீரிலேயே நிற்கும். அந்தத் தண்ணீரை வடித்து அளப்போம். அக்காவின் சூப் சட்டியில் நடப்பதும் ஏறக்குறைய இதுவேதான். அதோடு, துகள்களில் கல்லாகக் கிடக்கிற உலோகம் தின்கிறவர் உடம்பில் அவ்வளவு சுலபமாகச் சேராது, அதில் பெரும்பகுதி அப்படியே வெளியே போய்விடும். புரதத்தோடு கரைந்து நிற்கிற உலோகம்தான் நன்றாகச் சேரும். சூப்பில் நாம் எடுத்துக் குடிப்பது அந்தப் பாகத்தை.

பயமுறுத்துவதற்காக எழுதவில்லை, கணக்கைச் சொல்கிறேன். உலக உணவு வேளாண் அமைப்பும் உலக சுகாதார நிறுவனமும் சேர்ந்து நடத்துகிற நிபுணர் குழு 2010-ல் காட்மியத்துக்கு ஒரு வரம்பு சொன்னது: உடல் எடையில் ஒரு கிலோவுக்கு மாதம் 25 மைக்ரோகிராம். 60 கிலோ எடையுள்ளவருக்கு மாதம் 1.5 மில்லிகிராம். அரிசி, கீரை என்று சாப்பாட்டில் வருகிற எல்லாம் சேர்த்துத்தான் அந்த வரம்பு. அரிசியே நமக்கு ஒரு பங்கு கொண்டுவந்துவிடும். கோடெக்ஸ் என்கிற சர்வதேச உணவுத் தரத்தில் கணவாய் வகைகளுக்குக் காட்மியம் கிலோவுக்கு 2 மில்லிகிராம் வரை அனுமதி, அதுவும் குடல் பாகம் நீக்கிய கணவாய்க்கு என்று தெளிவாகப் போட்டிருக்கிறது. அந்த அளவுள்ள கறியில் 100 கிராம் தின்றால் 0.2 மில்லிகிராம் உள்ளே போகும். எப்போதாவது ஒரு தட்டு என்றால் கவலையில்லை. ஆனால் சுரப்பியையே பிழிந்த சூப்பை வாரக்கணக்கில் குடிப்பது வேறு கணக்கு. காட்மியம் நம் சிறுநீரகத்தில் போய் உட்கார்ந்தால் பத்து இருபது வருஷம் நகராது. நமக்கும் அங்கே பூட்டிவைப்பது மெட்டாலோதயோனின்தான். ஈயத்துக்கு முன்பு இருந்த வரம்பை அதே குழு 2010-ல் எடுத்தேவிட்டது, இவ்வளவு வரை பரவாயில்லை என்று சொல்லக்கூடிய அளவே அதற்குக் கிடையாது என்பதால். பிள்ளைகளும் கர்ப்பிணிகளும் வால் போட்ட சூப்பைத் தொடவே கூடாது என்று நான் அழுத்திச் சொல்வது அதனால்தான்.

அக்காவிடம் இதைச் சொன்னேன். சுரப்பி, காட்மியம் என்றெல்லாம் இழுக்காமல், "நத்தை தான் தின்ன கெட்டதையெல்லாம் அந்த வாலில்தான் ஒதுக்கிவைக்கும் அக்கா, அதைப் போய் நோயாளிக்குக் கொடுக்காதீங்க" என்றேன். கொஞ்ச நேரம் சட்டியைக் கிளறிக்கொண்டே இருந்தார். "வாலத் தூக்கிப் போட மனசு வராது டீச்சர். கேக்குறவங்களும் அதத்தான் கேக்குறாங்க, இல்லாட்டி சூப்பு சாரமில்லங்கிறாங்க" என்றார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. படி நத்தை வாங்கினால் பாதி எடை ஓடு, அதிலும் வாலைக் கழித்தால் கையில் நிற்பது கொஞ்சம்தான். 40 ரூபாய் சூப்தான் அவருக்கு விறகுச் செலவைக் கட்டுகிறது. அப்புறம் அவரே ஒரு வழி சொன்னார். முதலிலேயே சொல்லிவிட்டால் பாதக் கறியை மட்டும் நசுக்கிப் போட்டு, வேகவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் தனியாக வைத்துத் தருகிறாராம். 60 ரூபாய். வைத்துக் கொடுத்தார், குடித்தேன். நிறம் வெளுப்பு, அந்தக் கசப்பான கெட்டித்தனம் இல்லை, மிளகும் பூண்டும் தூக்கலாக இருக்கிறது. எனக்கு இதுதான் பிடித்தது. புரதமும் கால்சியமும் வேண்டும் என்பவர்களுக்கு அது பாதத்திலேயே இருக்கிறது.

குறைகள் என்று இன்னும் கொஞ்சம் உண்டு. கை கழுவ ஒரே ஒரு வாளித் தண்ணீர், கூட்டம் வந்தால் அது கலங்கிவிடுகிறது. தட்டு எவர்சில்வர், நன்றாகவே கழுவுகிறார்கள், ஆனால் டம்ளர் சில பிசுபிசுப்பாக இருந்தன. மழை வலுத்தால் தார்ப்பாய் ஒழுகும். வயலில் பூச்சிமருந்து அடித்த வாரத்தில் நத்தை எடுக்கக் கூடாது என்பதைக் கொண்டுவருகிறவர்கள் எல்லாரும் கடைப்பிடிக்கிறார்களா என்று அக்காவால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. மருந்தடித்த வயல் நத்தை மந்தமாக இருக்கும், தொட்டால் மூடியைச் சட்டென்று இழுக்காது என்று அவர் சொன்னார், அதை வைத்துத்தான் கழிக்கிறார்.

போகிறவர்களுக்கு: காலை பத்து மணிக்கு மேல் போனால் முதல் சட்டி வறுவல் இறங்கியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்குள் தீர்ந்துவிடுகிறது. பார்சலுக்கு வாழையிலையில் கட்டித் தருகிறார்கள். வீட்டில் சமைக்க உயிர் நத்தையும் படிக்கணக்கில் கிடைக்கும், வாங்கினால் வாலை நீங்களே கிள்ளிக்கொள்ளுங்கள், நிறம் மாறுகிற இடம் தெளிவாகத் தெரியும், பாதத்தோடு ஒட்டிய பழுப்புத் துணுக்கு எதையும் விட்டுவைக்காதீர்கள். சூப் வேண்டுமென்றால் உட்காரும்போதே "வால் போடாம வைங்க அக்கா" என்று சொல்லிவிடுங்கள், அரை மணி நேரம் பிடிக்கும். நாலு பேர் கேட்டால் அதையே வழக்கமாக்கிவிடுகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.